மேர்லின் தொடக் கூடாது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஈரக் கரண்டி போடவில்லை.

இதை நான் பதினேழு தடவை சொல்லிவிட்டேன். அம்மாவிடம் சொன்னேன், அப்பாவிடம் சொன்னேன், மாமியிடம் சொன்னேன். யாரும் கேட்கவில்லை என்ற கோபத்தில் வாவிக் கரையில் நின்ற கொக்கிடமும் சொன்னேன். கொக்கு மட்டும்தான் குறுக்கே பேசாமல் கேட்டது.

என் பெயர் மேர்லின். வயது பத்து. எங்கள் வீடு பெரியகல்லாற்றில், பின்வேலிக்கு அப்பால் வாவி. வீட்டில் அம்மா, அப்பா, ஐந்து வயதுத் தம்பி டினேஷ், நான். டிசம்பர் விடுமுறைக்கு டவுனிலிருந்து றீற்றா மாமியும் வந்திருந்தார். மாமி அப்பாவின் அக்கா. டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் ரீச்சர். விடுமுறை பள்ளிக்கூடத்துக்குத்தான், மாமிக்கு இல்லை.

வந்த முதல் நாளே எங்கள் வீட்டை ஒழுங்குபடுத்தத் தொடங்கிவிட்டார். செருப்புகளை வரிசையாக வைத்தார். டினேஷின் இரண்டு காதுக்குள்ளும் எட்டிப் பார்த்தார். உப்புப் போத்தலைத் திறந்து, "என்ன சர்மிளா, உப்பு அழுதுகொண்டு கிடக்கு?" என்று அம்மாவைக் கேட்டார்.

மழைக் காலத்தில் எங்கள் ஊர் உப்பு எப்போதும் தண்ணீர் விடும். மாமி ஒரு பிடி அரிசியை வறுத்து, துணியில் முடிந்து, போத்தலுக்குள் வைத்தார். மூன்றே நாளில் உப்பு பொலபொலவென்று ஆகிவிட்டது. அம்மா வாயாரப் புகழ்ந்தார். உண்மையைச் சொன்னால் நானும் புகழ்ந்தேன்.

சரி, இனிக் கேக்குக்கு வருவோம்.

எங்கள் வீட்டு நத்தார் கேக், அதுதான் கிறிஸ்மஸ் கேக், இலேசான வேலை இல்லை. ரவை வறுக்க வேண்டும், முந்திரிக் கஜு வெட்ட வேண்டும், பிளம்ஸ் ஊறவைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகச் சிவப்புச் சீனி வேண்டும். வெள்ளைச் சீனியில் செய்தால் அந்த நிறமும் வராது, அந்த மணமும் வராது. அதனால் அம்மா ஒரு மாதத்துக்கு முன்பே இரண்டு கிலோ சிவப்புச் சீனி வாங்கி, பெரிய பிஸ்கட் தகரத்தில் போட்டு மூடி வைத்திருந்தார்.

கேக் வேக வைக்கும் போறணை எங்கள் வீட்டில் இல்லை. நல்லரத்தினம் மாமாவின் பேக்கரியில்தான் இருக்கிறது. காலையில் பாண் ரொட்டி எல்லாம் வெந்து இறங்கிய பிறகும் அந்தப் போறணை நெடுநேரம் சூடாக இருக்கும். நத்தார் நெருங்கினால் அந்தச் சூட்டில் ஊராரின் கேக் தட்டுகளை வைத்துத் தருவார். ஆளுக்கு ஒரு முறை. எங்களுடைய முறை சனிக்கிழமை பத்து மணி. அது தவறினால் அடுத்த முறை நத்தாருக்குப் பிறகுதான்.

இந்த வருடம் தட்டைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியது நான். "பத்து வயசு வரட்டும், நீதான் தூக்குவாய்" என்று அம்மா போன வருடமே சொல்லியிருந்தார். எனக்குப் பத்து வயது வந்துவிட்டது. பழைய தட்டில் நாலு செங்கல் துண்டுகளை அடுக்கி, ஒன்றும் விழாமல் முற்றத்தைச் சுற்றி நடந்து பழகியும் விட்டேன்.

வியாழக்கிழமை காலை அம்மா சீனியை அளக்கத் தகரத்தைத் திறந்து, கரண்டியை விட்டார்.

'டங்' என்றது.

மறுபடியும் விட்டார். 'டங்'.

"ஐயோ! சீனி கல்லாப் போயிட்டு!"

நாங்கள் எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தோம். தகரத்துக்குள் இருந்தது சீனி இல்லை, ஒரு செங்கல்.

மாமி அதைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

"இது ஆர்ட வேலை எண்டு எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை இவ இதுக்குள்ள கரண்டி போட்டவ. கோப்பையைக் கழுவிப்போட்டு அந்த ஈரக் கரண்டியோட வந்தவ. நான் கண்ணால கண்டனான்."

ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணிக்கு ஒரு கரண்டி சீனி எடுத்தது உண்மை. வெள்ளைச் சீனி முடிந்திருந்தது. ஆனால் கரண்டியில் ஈரம் இல்லை.

"நான் துடைச்சிட்டுத்தான் போட்டனான் மாமி!"

"எதில துடைச்ச?"

"சட்டையில."

"சட்டையிலயா துடைச்ச?"

இப்படி என் குற்றம் ஒன்று இரண்டாகிவிட்டது.

"அம்மா, சத்தியமா அதில ஈரம் இல்ல" என்றேன்.

அம்மா தகரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஊறிய பிளம்ஸ் ஒரு பக்கம், வறுத்த ரவை ஒரு பக்கம். "நீ வேணுமெண்டு செஞ்சிருக்க மாட்டாய் மகள்" என்றார்.

வேண்டுமென்றா! நான் வேண்டுமென்றும் செய்யவில்லை, வேண்டாமென்றும் செய்யவில்லை. செய்யவே இல்லை!

மாமி இரண்டு கையையும் இடுப்பில் வைத்தார். "இஞ்ச பார் புள்ள. 'நான்தான் செஞ்சனான், மன்னிச்சுக்கொள்ளுங்க' எண்டு எல்லாருக்கும் கேக்கிற மாதிரி ஒருக்காச் சொல்லு. அதோட முடிஞ்சுது. சொல்லாட்டி, சனிக்கிழமை நீ தட்டுத் தூக்கத் தேவையில்ல."

"செய்யாததுக்கு எப்படி மன்னிப்புக் கேக்கிறது?"

"சொல்லிப்போட்டுப் போவன் மகள்" என்றார் அம்மா. "ஒரு சொல்லுத்தானே."

"ஒரு சொல்லு இல்ல அம்மா. அது பொய்."

நான் அழவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் அது கோபத் தண்ணீர். வாவிக் கரைக்குப் போய்க் கொக்கிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தபோது, தகரத்தில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. கறுப்பு மார்க்கர் பேனாவால், கரும்பலகையில் எழுதுகிற மாதிரி பெரிய எழுத்தில்:

மேர்லின் இதைத் தொடக் கூடாது.

டினேஷ் இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகுகிறான். எதைக் கண்டாலும் படிப்பான். "மே... ர்... லி... ன்..." என்று தொடங்கி, தாள் முழுவதையும் சத்தமாகப் படித்து முடித்தான். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

"கெட்டிக்காரன்" என்று மாமி அவன் தலையைத் தடவினார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அன்று மத்தியானம் அப்பா வலையைக் காயப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். அப்பா வாவியில் மீன் பிடிக்கிறவர், பெரிய காற்றுக்கே பயப்பட மாட்டார். அக்காவுக்கு மட்டும் பயப்படுவார்.

"ஏன் மகள் மாமியோட வாதாடுறாய்?" என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டுவிட்டு, சுத்தியலை எடுத்துக்கொண்டு சீனியை உடைக்கப் போனார்.

முற்றத்தில் தகரத்தை வைத்து, திருகாணி முடுக்கும் சாவியை உளி மாதிரிப் பிடித்து, ஒரு அடி. மேலே இருந்த சீனி துண்டு துண்டாகச் சிதறியது. ஒரு துண்டு பறந்துபோய்க் கோழியின் முதுகில் விழுந்தது. 'நான் என்ன செய்தேன்?' என்று கேட்கிற மாதிரி அது கத்திக்கொண்டு ஓடியது. எங்கள் வீட்டில் செய்யாத குற்றத்துக்கு அடி வாங்குவது நான் மட்டும் இல்லை என்று நினைத்தேன்.

மேலே இருந்தது கட்டி கட்டியாக வந்தது. அடியில் இருந்தது தகரத்தோடு ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை. இன்னும் பலமாக அடித்தால் தகரம் ஓட்டையாகிவிடும் என்று அப்பா நிறுத்திவிட்டார்.

வந்த கட்டிகளை அம்மா உரலில் போட்டு இடித்தார். தேங்காய் திருவலையில் தேய்த்தும் பார்த்தார். ஒரு மணித்தியாலத்தில் அரைக் கோப்பைத் தூளும் உள்ளங்கையில் ஒரு கொப்புளமும்தான் கிடைத்தன.

கடைக்கும் போய்ப் பார்த்தார். "நத்தாருக்கு எல்லாரும் வாங்கிட்டுப் போயிட்டாங்க. சிவப்புச் சீனி இனித் திங்கள்தான் வரும்" என்றார்களாம்.

"விடு சர்மிளா, நான் பார்க்கிறன்" என்றார் மாமி.

குசினிக்குள், அதுதான் சமையலறைக்குள், வரக் கூடாது என்று யாரும் தாளில் எழுதவில்லை. அதனால் நான் வாசலில் நின்று பார்த்தேன். மாமி ஒரு பெரிய கட்டியைக் கிண்ணத்தில் வைத்து, அதன் மேல் சுடுதண்ணீர் ஊற்றினார். கட்டி கரைந்தது. கரைந்து, கரைந்து, கிண்ணம் நிறையப் பாணியாகிவிட்டது.

"பாணியில கேக் அடிக்க ஏலாது மச்சாள்" என்றார் அம்மா, பாவம் போல.

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது.

"மாமி, தண்ணி பட்டாச் சீனி கரையுது."

"கரையும்தானே. அது சின்னப் புள்ளைக்கும் தெரியும்."

"அப்ப என்ட ஈரக் கரண்டி பட்டு எப்படிக் கல்லாகும்?"

அம்மா நிமிர்ந்து பார்த்தார். மாமி வாயைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார்.

"பெரியாக்களோட எதிர்த்துப் பறையாத!"

இது ஒரு பதிலா? பரீட்சையில் நான் இப்படி எழுதினால் மாமி எத்தனை புள்ளி போடுவார்? பூச்சியம் போட்டு, அதற்குக் கீழே சிவப்புக் கோடும் போடுவார். பெரியவர்களிடம் நல்ல கேள்வி கேட்டால் அது எதிர்த்துப் பேசுவதாகிவிடுகிறது. இந்தச் சட்டத்தை யார் போட்டார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

வெள்ளிக்கிழமை விடியவே மழை. அம்மா யாரோடும் அதிகம் பேசவில்லை. உடைந்த சீனிக் கட்டிகள் எல்லாம் திரும்பவும் தகரத்துக்குள் கிடந்தன. "வெள்ளைச் சீனியில செய்வம். இல்லாட்டி முறையை வேற ஆருக்கும் குடுப்பம்" என்று அப்பாவிடம் சொல்வது கேட்டது.

மத்தியானம் டினேஷ் என் பாவாடையை இழுத்தான்.

"அக்கா, ஒரு களவு சொல்லட்டா? மாமிக்குச் சொல்லப்படாது."

"சொல்லு."

அவன் தன் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்து வந்தான். விடுமுறை தொடங்கியதிலிருந்து அதுதான் அவனுடைய புதையல் பெட்டி. சிப்பி, சோடா மூடி, கோழி இறகு எல்லாம் அதற்குள்தான் இருக்கும்.

"நேத்து அப்பா உடைக்கக்குள்ள ஒரு துண்டு நான் எடுத்தனான். பாணோட வெச்சுத் தின்ன. மறுகா மாமி வந்தா. நான் மூடி ஒளிச்சிட்டன்." அவன் உதடு பிதுங்கியது. "இப்ப பார். என்ட கல்லு பழுதாப் போயிட்டு."

நான் மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு துண்டுப் பாண். அதன் பக்கத்தில், கல் இருந்த இடத்தில், சீனி.

நல்ல சீனி! விரலால் தொட்டதும் வாவிக் கரை ஈர மணல் மாதிரி உதிர்ந்தது.

பாணை எடுத்துப் பெட்டியில் தட்டினேன். 'டொக்' என்றது. நேற்றுக் காலை வாங்கிய பாண், றஸ்க் மாதிரிக் காய்ந்துபோயிருந்தது.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நேற்றுப் பாண் மெது, சீனி கல். இன்று சீனி மெது, பாண் கல். பாணில் இருந்த ஈரம் எங்கே போனது? பெட்டி இறுக்கமாக மூடியிருந்தது. வெளியே போக வழியில்லை. சீனிதான் குடித்திருக்கிறது!

அப்படியென்றால் சீனி ஈரம் பட்டுக் கல்லாகவில்லை. ஈரம் இல்லாமல்தான் கல்லானது. என் கரண்டி ஈரமாக இருந்திருந்தால், சீனி எனக்கு நன்றியல்லவா சொல்லியிருக்க வேண்டும்!

"தம்பி, நீ பெரிய கெட்டிக்காரன்" என்று அவனைக் கட்டிப்பிடித்தேன்.

"அப்ப எனக்கு வேற கல்லு தருவியா?" என்றான்.

மாமி சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். அம்மா குசினியில் தனியாக இருந்தார். நான் பெட்டியை அவர் முன்னால் வைத்து, நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். அம்மா சீனியைத் தொட்டுப் பார்த்தார். பாணைத் தட்டிப் பார்த்தார். மறுபடியும் சீனியைத் தொட்டார்.

"அப்ப... ஈரக் கரண்டி இல்ல" என்றார் மெதுவாக.

"அதைத்தானே நான் நேத்திலயிருந்து சொல்றன்!"

அம்மா என்னைப் பார்த்தார். எழுந்துபோய்ப் பாணை எடுத்து வந்து, ஐந்து துண்டு தடிப்பாக வெட்டினார்.

"இந்தா. நீயே போடு."

நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"ஏலா. தாளில எழுதிக் கிடக்கு."

"மேர்லின்!"

"மேர்லின் இதைத் தொடக் கூடாது. முற்றுப்புள்ளியும் போட்டிருக்கு."

அம்மா தாளைக் கிழிக்கக் கையை நீட்டினார்.

"கிழிக்காதீங்க அம்மா. மாமி ஒட்டினது. மாமிதான் எடுக்கணும்."

அதனால் வேலை இப்படி நடந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்று, தளபதி மாதிரிக் கட்டளை போட்டேன். டினேஷ் செய்தான்.

"கட்டியை எல்லாம் பரவி விடு. மேல அந்த வெள்ளைத் துணியை விரி. பாணைத் துணிக்கு மேல வை, சீனியில ஒட்டக் கூடாது. எத்தனை வெச்சிட்ட?"

"நாலு."

"அஞ்சு தந்தமே?"

டினேஷின் கன்னம் உப்பியிருந்தது. சரி, சீனிக்கு நாலு, தம்பிக்கு ஒன்று.

அம்மா மூடியை அழுத்தி மூடி, காற்றுப் போகாமல் தகரத்தைச் சுற்றி ஒரு துவாயை இறுக்கிக் கட்டினார். யாரும் திறக்காமல் இருக்க டினேஷ் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். அவனைச் சாப்பாட்டுக்கு இறக்குவதற்குப் பெரும்பாடு பட்டோம்.

பின்னேரம் மாமி எழுந்து வந்து, "பாண் இவ்வளவும் எங்க போயிட்டு?" என்று கேட்டார்.

"சீனி திண்டிட்டு மச்சாள்" என்றார் அம்மா.

மாமி அம்மாவின் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே நாங்கள் எல்லோரும் குசினியில் நின்றோம். அப்பா வலைக்குப் போகவில்லை. மாமி தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார். ஒரு சின்னக் கட்டியைப் பாண் மெதுவாக்கிவிட்டது, சரி. ஒரு தகரத்தையும் ஆக்குமா? ஆக்காவிட்டால் எனக்குத் தட்டும் இல்லை, நான் சொன்னதை நம்ப இனி ஆளும் இல்லை.

அம்மா துவாயை அவிழ்த்தார். மூடியைத் திறந்தார். நாலு துண்டுப் பாணும் ஓடு மாதிரி வளைந்து கிடந்தன. துணியை நீக்கினார். கரண்டியை விட்டார்.

'டங்' என்ற சத்தம் வரவில்லை. எந்தச் சத்தமும் வரவில்லை. கரண்டி அப்படியே உள்ளே இறங்கியது.

"அட!" என்றார் அப்பா.

"பாண் வெச்சா ஈரம் வரும். ஈரம் வந்தாச் சீனி மெதுவாகும்" என்றேன், கைகளை இன்னும் பின்னால் கட்டியபடி. "இது கல்லானது ஈரத்தால இல்ல. காஞ்சதால."

"காயிறதுக்கு இது என்ன நெல்லா?" என்றார் மாமி. "மழைக் காலத்தில மூடி வெச்ச சீனி தன்பாட்டில எப்படிக் காயும்?"

அம்மா தகரத்தைப் பெரிய பாத்திரத்தில் கவிழ்த்துத் தட்டினார். மேல் சீனி பொலபொலவென்று விழுந்தது. அடியில் ஒட்டியிருந்ததும் இளகிப் பொத்தென்று விழுந்தது.

அதன் நடுவிலிருந்து ஒரு துணி முடிச்சு உருண்டு வந்தது.

நீலக் கட்டம் போட்ட, முகம் துடைக்கும் கைலேஞ்சி. மூலையில் நூலால் தைத்த 'றீ' என்ற எழுத்து. உப்புப் போத்தலுக்குள் இருக்கிற முடிச்சின் கூடப் பிறந்த தம்பி மாதிரி இருந்தது.

அப்பா முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு பிடி வறுத்த அரிசி.

டினேஷ் குனிந்து, "றீ..." என்று படித்தான். யாரும் அவன் தலையைத் தடவவில்லை.

மாமியின் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது.

"உப்புக்கு நல்லா வேலை செஞ்சுதே..." என்றார். "சீனியும் ஈரமாத்தான் கிடந்தது. கேக்குக்குப் பழுதாப் போயிடும் எண்டு நினைச்சன். அதான் ஒரு முடிச்சு..."

"ஒரு முடிச்சு அரிசி இவ்வளவு சீனியையும் கல்லாக்குமா அக்கா?" என்றார் அப்பா.

மாமி கோப்பைக்குள் பார்த்தார். "நீங்க எல்லாரும் கோயிலுக்கு நத்தார்ப் பாட்டுப் பழகப் போன திங்கட்கிழமை நல்ல வெயில் எறிச்சது. முழுச் சீனியையும் சுளகில பரவி... ஒரு நாள் வெயில்ல காய வெச்சன். காகம் வராமப் பக்கத்திலயே தடியோட இருந்தன்."

எங்கள் ஊரில் நெல்லைக் காயவைப்பார்கள், மிளகாயைக் காயவைப்பார்கள், மீனைக் காயவைத்துக் கருவாடாக்குவார்கள். சீனியைக் கருவாடாக்கியவர் உலகத்திலேயே எங்கள் மாமி ஒருவர்தான்!

அப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மா முறைத்தார், அப்பா இருமினார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு நாளாக மனதில் அடுக்கி வைத்திருந்த வசனங்கள் எல்லாம் தொண்டைக்கு வந்து நின்றன. 'என்னைக் கண்ணால கண்டீங்களே, உங்களைக் காணேல்லயா?' என்று கேட்கலாம். 'ரீச்சர் ஒராள் இப்படிச் செய்யலாமா?' என்றும் கேட்கலாம். கேட்கத்தான் போனேன்.

ஆனால் மாமி அந்தக் கைலேஞ்சியை எடுத்து, மடித்து, மறுபடியும் விரித்து, மறுபடியும் மடித்தார். வகுப்பில் பதில் தெரியாமல் எழுந்து நிற்கும்போது நான் சட்டை நுனியை மடிக்கிற மாதிரி.

"மன்னிச்சுக்கொள்ளு புள்ள" என்றார். பாதி மட்டும்தான் வெளியே வந்தது.

குற்றம் சொல்லும்போது அவ்வளவு பெரிய குரல். மன்னிப்புக்கு மட்டும் இவ்வளவு சின்னக் குரலா? அதை மட்டும் என்னால் விட முடியவில்லை.

"எல்லாருக்கும் கேக்கிற மாதிரிச் சொல்லணும் மாமி. நீங்கதான் சொன்னீங்க."

அம்மா "மேர்லின்..." என்று தொடங்கினார்.

"விடு சர்மிளா. அவ சொல்றது சரி" என்றார் மாமி. கோப்பையைக் கீழே வைத்தார். சேலையைச் சரிசெய்தார். காலைக் கூட்டத்தில் பேசுகிற மாதிரி நிமிர்ந்து நின்றார்.

"நான்தான் செஞ்சனான். மேர்லின் செய்யேல்ல. மன்னிச்சுக்கொள்ளு மகள்."

பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். எனக்குத் திருப்தியாக இருந்தது.

அம்மா என் பக்கத்தில் வந்து குனிந்தார். "நானும்தான் மகள். நீ சொன்ன உடன நான் நம்பியிருக்கணும்."

அப்போது வந்தது கோபத் தண்ணீர் இல்லை. அது வேறு தண்ணீர்.

அதற்குப் பிறகு குசினியில் ஒரே பரபரப்பு. அம்மா பட்டரையும் சீனியையும் அடித்தார், நான் முட்டை உடைத்தேன், மாமி ரவையைக் கொட்டினார், டினேஷ் கஜுவில் எத்தனை காணாமல் போகலாமோ அத்தனையையும் காணாமல் போகச் செய்தான். ஒன்பதரை மணிக்குத் தட்டு தயார்.

வெளியே தூறல். நான் தட்டைத் தூக்கினேன். செங்கலை விடப் பாரம். மாமி குடையை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். வழி முழுவதும் குடையைத் தட்டுக்கும் எனக்கும் மேலேயே பிடித்தார். அவருடைய ஒரு பக்கத் தோள் நன்றாக நனைந்துவிட்டது. 'ஈரம் நல்லதுதான் மாமி' என்று வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பேக்கரி வாசலில் நல்லரத்தினம் மாமா கைநிறைய மாவோடு நின்றார். "சரியாப் பத்து மணிக்கு வந்திருக்கீங்க! இந்த வருசம் தட்டு ஆர்ட பொறுப்பு?"

"இவட பொறுப்புத்தான்" என்றார் மாமி, எனக்கு முன்னால்.

பின்னேரம் கேக் வீட்டுக்கு வந்தது. நல்ல மண்ணிறம். மணம் வாவி வரைக்கும் போயிருக்கும். அம்மா மிஞ்சிய சீனியைத் தகரத்தில் போட்டு, மேலே ஒரு துண்டுப் பாண் வைத்து மூடினார். வெள்ளைத் தாள் இன்னும் அதில் ஒட்டியபடியே இருந்தது.

மாமி அதைக் கிழிக்கப் போனார்.

"பொறுங்க மாமி. உங்கட மார்க்கர் பேனாவை ஒருக்காத் தாங்க."

மாமி பேனாவை நீட்டினார். நான் தாளில் என் பெயரைக் குறுக்கே வெட்டினேன். அதற்கு மேல் புதிதாக ஒரு பெயர் எழுத இடம் இருந்தது. மாமி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். யாருடைய பெயரை எழுதப் போகிறேன் என்று அவர் நினைத்தார் என்பது எனக்குத் தெரியும். எழுதியிருந்தால் நியாயம்தான் என்பதும் தெரியும்.

நான் எழுதி முடித்துத் தள்ளி நின்றேன். டினேஷ் ஓடி வந்து கூட்டிப் படித்தான்.

"அ... ரி... சி... இதைத் தொடக் கூடாது!"

மாமி கிட்டப் போய்த் தாளைப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கத் தொடங்கினார். அப்பா காலையிலிருந்து அடக்கி வைத்த சிரிப்பையெல்லாம் சேர்த்துச் சிரித்தார்.

தாளின் ஒரு மூலை கிளம்பியிருந்தது. சிரித்தபடியே மாமி அதை விரலால் அழுத்தி, நன்றாக ஒட்டிவிட்டார்.